கோட்டைக்குப் போன தாம்பூலம்

ஏப்ரல் 21, திங்கள்

பத்திரிகை வந்துவிட்டது. ஐநூறு. அட்டையில் பிள்ளையார் கொஞ்சம் இளைத்துப்போய் இருக்கிறார், மற்றபடி குறை ஒன்றுமில்லை. என் மகள் மோனிஷா பெயருக்குப் பின்னால் பி.எஸ்சி., மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் இரண்டு பட்டம். பஞ்சவர்ணம் என்கிற என் பெயருக்குப் பின்னால் நான்காம் வகுப்பு என்று போடுங்கள் என்றேன். அச்சகத்துக்காரர் சிரித்தாரே தவிர போடவில்லை.

கல்யாணம் மே 28. வேலை எல்லாம் மறந்து மறந்து போகிறது என்று, இவருக்கு உரக்கடையில் கொடுத்த டைரியை நான் எடுத்துக்கொண்டேன். இவர் என்றால் தவமணி, என் வீட்டுக்காரர். லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவர் கையில் டைரி இருந்தால் டிசம்பர் வரைக்கும் வெள்ளையாகவே இருக்கும்.

இன்று முடிந்தது: சமையலுக்கு ஆள் பேசியது, வாழைமரத்துக்குச் சொல்லியது.

முடியாதது: முதல் பத்திரிகை.

எங்கள் வகையறாவில் முதல் பத்திரிகை பெண்ணின் தாய்மாமனுக்கு. தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து நீட்டி, அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்ட பிறகுதான் மற்ற வீட்டு வாசலை மிதிக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு பத்திரிகை வெளியே போனால் கல்யாணம் மாமன் இல்லாத கல்யாணம் என்று அர்த்தம். மோனிஷாவுக்குத் தாய்மாமன் ஒரே ஒருவர்தான், என் அண்ணன் சுருளிவேல். அவர் என்னோடு பேசி ஒன்பது வருசம் ஆகிறது.

ஐநூறும் பீரோவுக்கு மேல் இருக்கின்றன.

ஏப்ரல் 22, செவ்வாய்

அண்ணன் வேங்கைமலைக் கோட்டையில் மியூசியப் பணியாளராக இருக்கிறார். செவ்வாய்க்கிழமை கோட்டைக்கு விடுமுறை, வீட்டில்தான் இருப்பார் என்று தட்டோடு போனோம். எங்களைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இந்திராணி மதினி குழாயடியில் குடத்தோடு நின்றார். என்னைப் பார்த்தார். குடம் நிறையும் முன்பே எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

"ஒங்கண்ணன் சாத்துன வேகத்துல எம்மூக்கே நசுங்கிருக்கும்" என்றார் இவர்.

"மூக்குன்னு ஒண்ணு இருந்தாத்தான நசுங்குறதுக்கு" என்றேன்.

திரும்பும் வழியெல்லாம் ஆட்டோவில் வெற்றிலை உதிர்ந்துகொண்டே வந்தது. அண்ணனுக்குக் கோபம் வரப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மோனிஷா சடங்கில் நான் ஒரு கேலி செய்தேன். அவ்வளவுதான்.

மாவுக்கு அரிசி ஊறப்போட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்குப் பணியாரக் கடை. பத்து மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டுக் கோட்டைக்குப் போனேன். டிக்கெட் வாங்கித்தான் போனேன். ஐந்நூற்று எண்பது படி. பாதியில் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "எதுக்கும்மா இந்த வெயில்ல ஏறுறீங்க?" என்றார். எங்கண்ணனைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், பார்க்கப் போகிறேன் என்றேன். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

கோட்டையை ஆறு வருசம் போல எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். முன்பு ஆடு மேய்ந்த இடம். இப்போது வாசல் கோபுரம் நிமிர்ந்து நிற்கிறது, கதவில் யானை முட்டாமல் இருக்க இரும்பு முள், உள்ளே மூன்று கூடம். ஆயுதக் கூடம், தானியக் களஞ்சியம், பல்லக்கு வைத்திருக்கிற அரண்மனைக் கூடம். அண்ணன் ஆயுதக் கூடத்தில் நீலச் சட்டையும் தொப்பியுமாக ஈட்டிகளுக்கு நடுவில் நின்றார்.

"அண்ணே" என்றேன். சுவரைப் பார்த்தார். "எண்ணே" என்றேன். கூரையைப் பார்த்தார்.

அப்போது ஒரு வாத்தியார் வந்து, இது என்ன ஆயுதம் என்று கேட்டார். பொத்தானை அமுக்கிய மாதிரி அண்ணன் பேசினார். எந்த நூற்றாண்டு, என்ன இரும்பு, எத்தனை அடி, எல்லாம். சுவரில் பலகை ஒன்று தொங்குகிறது: 'சந்தேகங்களைப் பணியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும்.' எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தேன். பிறகு ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் போய் நின்றேன்.

"சார், இது என்ன சார்?"

அண்ணன் என்னைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். மேலதிகாரி அறைப் பக்கம் பார்த்தார்.

"இது இரும்பு வளையங்களால் பின்னப்பட்ட மார்புக் கவசம். போர்வீரர்கள் அணிந்தது. எடை பதினொரு கிலோ."

ஒன்பது வருசத்தில் என் அண்ணன் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"இதப் போட்டுக்கிட்டா தங்கச்சி பேச்சு உள்ள போகாதா சார்?"

"அம்புக்கும் வாளுக்கும் மட்டுமே பயன்பட்டது."

ஏப்ரல் 25, வெள்ளி

முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. தைலம் தேய்த்தேன். பணியாரம் நல்ல ஓட்டம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மறுபடியும் ஏறினேன். ஞாயிறு என்பதால் கூட்டம். கூட்டத்தில் எனக்கு வசதி, அவரால் ஓட முடியாது.

"சார், இந்த வாள் வச்சிருந்த ராசாவுக்குத் தங்கச்சி உண்டுமா சார்?"

"கல்வெட்டில் குறிப்பு இல்லை."

"தங்கச்சி இருந்து, அவ மகளுக்குக் கல்யாணம்னா, ராசா போவாரா மாட்டாரா சார்?"

"பார்வையாளர்கள் காட்சிப்பொருள் குறித்து மட்டுமே கேட்கலாம்."

"சரி சார். இந்த வாள எடுத்துக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போவாரா சார்?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அண்ணன் மீசை அசைந்தது. சிரிப்பு வந்தால் சின்ன வயதிலிருந்தே அவருக்கு இடது பக்கம் மட்டும்தான் அசையும்.

அந்தச் சூட்டோடு, "மதினி நல்லாருக்காங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

மீசை நின்றுவிட்டது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு களஞ்சியத்துக்குப் போய்விட்டார். அங்கே வேறு ஆள் பணி என்று எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 30, புதன்

இன்று ஒரு வேலை செய்தேன். எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

மியூசியத்தில் யாராவது எதையாவது விட்டுவிட்டுப் போனால் பணியாளர் எடுத்துப் பத்திரப்படுத்தி நோட்டில் எழுத வேண்டும். டிக்கெட் கொடுக்கிற பெண்ணிடம் பேச்சுக் கொடுத்ததில் தெரிந்துகொண்டேன். நான் என்ன செய்தேன், பித்தளைத் தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், பழம், பத்திரிகை எல்லாம் வைத்து ஆயுதக் கூடத்துப் பெஞ்சில் வைத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அண்ணன் இரண்டு தடவை பெஞ்சைத் தாண்டிப் போனார். மூன்றாவது தடவை அக்கம்பக்கம் பார்த்தார். மேலதிகாரி வேறு வெளியே வந்தார். வேறு வழியில்லை. இரண்டு கையாலும் எடுத்தார்.

"வாங்கியாச்சு! மாமன் தாம்பூலம் வாங்கியாச்சு!" என்று வெளியே வந்தேன்.

அண்ணன் முகம் சிவந்துபோனது. ஆனாலும் நோட்டை எடுத்து உட்கார்ந்து எழுதினார். "பித்தளைத் தட்டு ஒன்று. வெற்றிலை பாக்கு. மஞ்சள். வாழைப்பழம் மூன்று. அழைப்பிதழ் ஒன்று." எழுதி முடித்து, "உரியவர் அடையாளம் சொல்லிக் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ளலாம்" என்றார்.

நான் பெற்றுக்கொள்ளாமல் இறங்கி வந்துவிட்டேன். சாப்பிடும்போது இவர், "என்ன ஆச்சு?" என்றார். "வாங்கியாச்சு, ரெண்டு கையால வாங்குனாரு" என்றேன். பொய் இல்லையே.

மே 1, வியாழன்

லீவு நாள். கடையில் கூட்டம், மூச்சுவிட நேரமில்லை. இவர் காலையிலேயே ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனவர் சாயங்காலம்தான் வந்தார். முகமெல்லாம் சந்தோசம்.

"நாப்பத்திரண்டு பத்திரிகை குடுத்தாச்சு. சம்பந்தி ஊர்ல தெருவே முடிஞ்சுச்சு. மச்சான் வாங்கிட்டாரான்னு எல்லாரும் கேட்டாக. ரெண்டு கையால வாங்குனாருன்னு சொன்னேன்."

எனக்குக் கரண்டி கையைவிட்டு விழுந்தது. நடந்ததைச் சொன்னேன். அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார், அப்புறம் இன்னொரு சொம்பு.

"ஏம் புள்ள, எதுல வெளையாடுறதுன்னு ஒனக்கு ஒரு இது வேணாமா?" என்று மட்டும் கேட்டார்.

கொடுத்த பத்திரிகையைத் திரும்ப வாங்க முடியாது.

மே 3, சனி

தட்டை வாங்கப் போனேன். அண்ணன் நோட்டை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். பத்திரிகையையும் தட்டையும் தந்தார். வெற்றிலை காய்ந்து சருகாக இருந்தது, அதையும் எண்ணித் தந்தார். பழத்தை மட்டும் குரங்கு தின்றுவிட்டதாம், அதையும் நோட்டில் எழுதியிருக்கிறார்.

நாற்பத்திரண்டு பத்திரிகை போய்விட்டதைச் சொன்னேன். கேலி இல்லாமல்தான் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது என்னவோ பழக்கத்தில் சிரித்துவிட்டேன்.

கூடத்தில் யாருமில்லை. அண்ணன் நோட்டை மூடினார்.

"வெளையாட்டாடி இது? சபையில வச்சு வெளையாடுனது பத்தலையா ஒனக்கு? எம்பொண்டாட்டி அன்னைல இருந்து ஒரு விசேசத்துக்குப் போகலடி. ஒரு சீமந்தம், ஒரு காதுகுத்து, எதுக்கும் போகல. நீ மைக்கப் புடிச்சுச் சிரிச்ச சிரிப்பு இன்னும் எங்காதுல கேக்குது."

ஒன்பது வருசத்துக்கு அப்புறம் என்னை 'டி' போட்டார்.

இறங்கும்போது படி சரியாகத் தெரியவில்லை. வெயில் அப்படி.

மே 4, ஞாயிறு

மோனிஷா பூ கட்டிக்கொண்டே கேட்டாள். "எம்மா, சடங்கன்னிக்கு நீ என்னதான் சொன்ன? நான் பச்ச ஓலைக் குடிசைக்குள்ள உக்காந்திருந்தேன், மேளச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

அண்ணன் மேளதாளத்தோடு தாய்மாமன் சீர் கொண்டுவந்தார். பதினோரு தட்டு. முன்னால் மதினி, பலகாரத் தட்டைப் பிடித்துக்கொண்டு. சீர் வருவதை மைக்கில் சொல்கிறவர் தொண்டை கட்டிவிட்டது என்றார், நான் மைக்கை வாங்கினேன். நானூறு பேர் இருப்பார்கள். "எங்கண்ணன் சீரு பதினோரு தட்டுன்னு எண்ணாதீங்க! எங்க மதினி வயித்தப் பாருங்க, பன்னெண்டாவது தட்டு உள்ள வருது!" என்றேன். பந்தலே சிரித்தது. மேளக்காரர் ஒரு உருட்டு உருட்டினார்.

மதினிக்கு அப்போது கல்யாணமாகிப் பதினாலு வருசம், குழந்தை இல்லை. அன்றைக்கு அவர் நாலு மாசம். அண்ணனும் அவரும் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தார்கள். பத்தாம் நாள் கலைந்துவிட்டது. நானூறு பேர் கண்ணும் பட்டுத்தான் போனது என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டார்.

"நீ தெரியாமத்தானம்மா சொன்ன?" என்றாள் மோனிஷா.

வயிற்றைப் பார்த்துச் சும்மா அடித்துவிட்டேன் என்றுதான் ஒன்பது வருசமாக எல்லாரிடமும் சொல்லிவருகிறேன். இன்றும் அதையே சொன்னேன்.

"தெரியாமச் சொன்னதுக்கா ஒம்பது வருசம்? மாமாவுக்கு ஓவர்" என்றாள்.

நான் எழுந்துகொண்டேன். மாவு ஆட்ட வேண்டியிருந்தது.

மே 8, வியாழன்

போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். கால் தானாகப் போனது.

இன்று அண்ணனுக்குக் களஞ்சியத்தில் பணி. மூன்று ஆள் உயரத்துக்கு வட்டமாகக் கட்டிய நெல் குதிர், உள்ளே போனால் குளுகுளு என்று இருக்கிறது. சுவரில் பாதி கறுப்பு, பாதி வெளுப்பு. எல்லை போட்ட மாதிரி கோடு ஓடுகிறது.

"ஏன் சார் இப்படி ஒட்டுப் போட்ட மாதிரி விட்டுட்டாங்க? ஒரே கலராப் பூசிருக்கலாம்ல?" நான் உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டேன்.

அண்ணன் சுவரில் கை வைத்தார். மியூசியத்தில் வேலை கிடைக்கும் முன்னால், கோட்டையை எடுத்துக் கட்டினபோது அவர் அங்கே கொத்தனார். அந்தச் சுவர் அவர் பூசியது.

"பூசக் கூடாது. பழசு எது, நாங்க வச்சது எதுன்னு பாக்குறவனுக்குத் தெரியணும். ஒரே மாதிரிப் பூசிட்டா ரொம்ப நல்லாத்தான் இருக்கும். ஆனா அது ஏமாத்து. எங்க இஞ்சினியர் பத்து தடவ சொல்லுவாரு. இடிஞ்சது இடிஞ்சதுதான், மறைக்காதீங்கம்பாரு. இந்தா இந்த மூலை, நான் ரொம்ப அழகாச் சேத்துட்டேன்னு சுரண்டி எடுக்கச் சொல்லிட்டாரு."

மியூசியப் பேச்சு போய் வீட்டுப் பேச்சு வந்துவிட்டதை அவரே கவனிக்கவில்லை. எனக்குக் கேலி ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அது பாட்டுக்கு நெஞ்சில் அடைத்துக்கொண்டு இருமல் வந்தது. அண்ணன் தன் பாட்டிலை எடுத்து நீட்டினார். குடித்தேன்.

"படி ஏறாத வர்ணம். ஒனக்கு மூச்சு வாங்குது" என்றார். உடனே தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

மே 12, திங்கள்

சம்பந்தியம்மா போனில். சேலை நிறம் பற்றி ஆரம்பித்து, அங்கே இங்கே சுற்றி வந்து கேட்டார். "பொண்ணுக்குத் தாய்மாமன் நெத்தியில பட்டங்கட்டிக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வருவாருல்ல? எங்க பக்கம் அது இல்லாம மாலைய மாத்த விடமாட்டாக, அதான் கேட்டுக்கிறேன்."

"வராம? எங்கண்ணன் இப்பவே நடந்து பழகிக்கிட்டு இருக்காரு" என்றேன்.

போனை வைத்ததும் இவர் என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன்.

ரவிக்கை தைக்கக் கொடுத்தது. மணவறைக்காரர் முன்பணம் வாங்க வரவில்லை.

மே 14, புதன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

புதுசாக வெற்றிலை வாங்கித் தட்டோடு போனேன். மத்தியானம் கூட்டம் கலைந்ததும் அண்ணனே என்னைக் கூப்பிட்டார். அரண்மனைக் கூடத்தில் பல்லக்குக்கு எதிர்த்த பெஞ்சில் உட்கார்ந்தோம். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். முடி ரொம்ப நரைத்துவிட்டது.

"இந்திராணி ரெண்டு நாளா ஒரே பேச்சு. புள்ளைக்குக் கல்யாணம், நீங்க போகலன்னா அது தலைகுனிஞ்சு நிக்கும்னு. நானும் யோசிச்சுப் பாத்தேன். நீ தெரியாமத்தான சொன்ன? தெரியாமச் சொன்னதுக்கு ஒம்பது வருசம் ஜாஸ்திதான். தட்ட எடு."

எடுத்து நீட்டினேன். அவர் இரண்டு கையும் தட்டுக்குக் கீழே வந்துவிட்டது. நான் விட்டால் போதும்.

விடவில்லை.

"தெரிஞ்சுதாண்ணே சொன்னேன்" என்றேன்.

சடங்கன்று காலையில் நான்தான் மதினிக்குச் சேலைக் கொசுவம் எடுத்துவிட்டேன். இடுப்பில் இறுக்காதே என்றார். ஏன் என்றேன். என் காதில் சொன்னார். நாலு மாசம், அஞ்சு முடிந்ததும்தான் வெளியே சொல்ல வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார், உனக்கு மட்டும் சொல்கிறேன், யாரிடமும் சொல்லிவிடாதே என்றார். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அங்கேயே அவரைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். அந்தச் சந்தோசம் மத்தியானம் வரைக்கும் உள்ளேயே கிடந்து துடித்தது. கையில் மைக் வந்தது.

இதை எல்லாம் அண்ணனிடம் சொன்னேன். மதினியும் இதை யாரிடமும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்கே விளங்கியது.

"அவ ஒன்ட்ட சொல்லிருந்தாளா?"

"ஆமாண்ணே."

"எங்கிட்ட அவ சொல்லவே இல்லயே." தட்டுக்குக் கீழே இருந்த கைகளை எடுத்துக்கொண்டார். தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"வெளிய போற வழி அந்தப் பக்கம்" என்றார்.

இவரிடம் சொன்னேன். "வாங்குறவர் வாங்கிருப்பாருல்ல? வாங்குனப்பறம் சொல்லக் கூடாதா?" என்றார்.

வாங்கின பிறகு நான் சொல்லியிருக்கவே மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும்.

மே 15, வியாழன்

பணியாரம் இரண்டு ஈடு கருகிவிட்டது.

மே 18, ஞாயிறு

மலைக்குப் போகவில்லை. மீதிப் பத்திரிகையை இவர் எடுத்துக்கொண்டு போனார். கொடுத்தது கொடுத்தாயிற்று, இனி நிறுத்தினால் அதற்கும் பேச்சு வரும் என்றார். மாமன் கேள்வியை யார் கேட்டாலும் ஆட்டோ ஹாரனை அடித்துவிடுகிறாராம்.

மோனிஷாவிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "அத்தை பாவம்மா" என்றாள். "நீயுந்தான்" என்று சேர்த்துக்கொண்டாள், போனால் போகிறது என்று.

மே 20, செவ்வாய்

காலை எட்டு மணி. கடையில் நல்ல கூட்டம். தலையைத் தூக்கினால் எதிரே இந்திராணி மதினி. கையில் மஞ்சள் பை. ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறார்.

"பத்திரிகை எங்க?" என்றார்.

"வீட்ல இருக்கு மதினி."

"போய் எடுத்துட்டு வா. நான் கடையப் பாத்துக்கிறேன்."

என் கையில் இருந்த கம்பியைப் பிடுங்கிப் பணியாரத்தைத் திருப்ப ஆரம்பித்துவிட்டார். நான் ஓடினேன். தட்டோடு திரும்பி வந்தபோது வாடிக்கையாளர் ஒருவர், "புதுசா வந்த அக்கா திருப்புறது ஒன்னவிட நல்லாருக்கு" என்றார். மதினி சிரிக்கவில்லை. கூட்டம் குறைந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"ஏண்டி சொன்ன அவர்ட்ட? ஒம்பது வருசமா ஒன்னக் காப்பாத்தி வச்சிருந்தேன். ஒரே நிமிசத்துல போட்டு ஒடச்சுட்டியே."

"நீங்க ஏன் மதினி சொல்லாம இருந்தீங்க?"

"சொல்லிருந்தா அருவாளத் தூக்கிருப்பாரு. அப்ப அவரு இருந்த இருப்பு அப்படி." கம்பியால் கல்லின் ஓரத்தைச் சுரண்டினார். "அதோட, ஒன்ட்ட சொன்னது நாந்தான. ஒன் வாயில எதுவும் தங்காதுன்னு தெரிஞ்சுதான சொன்னேன். யார்ட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு. அவரு ஒம்மேல கோவிச்சுக்கிட்டு இருக்கட்டும், எம்மேல வேணாம்னு விட்டுட்டேன். அதான் நெசம். இப்ப எம்மேலயும் கோவம். அஞ்சாறு நாளா அவருக்குச் சோறே எறங்கல."

"கண்ணுதான் பட்டுச்சா மதினி?"

"அவரு அப்படி நம்புறாரு. டாக்டரம்மா கர்ப்பப்பை பலமில்லன்னாங்க. எது சரின்னு எனக்கென்ன தெரியும்? ஒரு நாளைக்கு அது, ஒரு நாளைக்கு இது."

என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்று, நான், அப்படி அழுதேன். டீக்கடைக்காரர் வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிட்டார்.

"அழுது முடிச்சுட்டு அந்தக் குழியில எண்ணெய ஊத்து. காயுது" என்றார் மதினி.

பிறகு கையைக் கழுவிச் சேலையில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டினார். "குடு. மாமன் வீடுன்னா அவரு ஒருத்தர் மட்டுமில்ல. நான் வாங்குறேன்."

கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

"அண்ணன் வருவாரா மதினி?"

"தெரியல. நான் வருவேன். நாலு பேரு என்னப் பாப்பாக, பாக்கட்டும்."

மே 26, திங்கள்

பந்தல் கால் ஊன்றியாயிற்று. மலைப் பக்கமிருந்து ஒரு செய்தியும் இல்லை. அண்ணன் வராவிட்டால் ஒன்றுவிட்ட தம்பி ஒருவனை மாமனாக நிறுத்தலாம் என்று இவர் பேசி வைத்திருக்கிறார். மோனிஷா, "எனக்கு வேற ஆளு கையப் புடிக்க வேணாம். நானே நடந்து வர்றேன்" என்கிறாள். என் மகள்தான்.

மே 29, வியாழன்

நேற்றுக் கல்யாணம். எழுத நேரமில்லை. இப்போது எழுதுகிறேன்.

ஆறு மணிக்குத் தெருமுனையில் மேளம் கேட்டது. நான் வாசலுக்குப் போகவில்லை. உள்ளே அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மோனிஷாதான் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "எம்மா, மாமா!" என்றாள்.

அண்ணன் வேட்டி சட்டையில் வந்தார். பக்கத்தில் மதினி, பலகாரத் தட்டோடு, தலை நிமிர்ந்து. பந்தலில் இருந்த பெண்கள் எல்லாரும் அவரைத்தான் பார்த்தார்கள். அவர் எல்லாரையும் திருப்பிப் பார்த்தார்.

அண்ணன் மோனிஷா நெற்றியில் பட்டம் கட்டினார். முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது. மாலை போட்டார். கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தாலி ஏறும் வரை அவள் பின்னாலேயே நின்றார். மாமன் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி வைக்கவில்லை. என்னை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. சம்பந்தியம்மா, "ஒங்கண்ணன் ரொம்ப அமைதியானவரோ?" என்று கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

புறப்படும்போது என் காதில் விழும்படியாக இவரிடம் சொன்னார். "மாப்ள, அடுத்த மாசம் மேல நாணயக் கூடம் ஒண்ணு புதுசாத் தொறக்குறாக. பாக்குறவுக வந்து பாக்கலாம். பகல்ல வேணாம், காலையில வெள்ளன வந்தா வெயில் இருக்காது."

இவர், "சொல்லிர்றேன் மச்சான்" என்றார்.

அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. கடைசிப் பந்தியில் வீட்டு ஆட்கள் உட்கார்ந்தோம். மதினி தானாக வந்து என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். சோறு போட்டார்கள், சாம்பார் ஊற்றினார்கள், அவர் பிசைந்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, என் காதுக்குள் ஒன்று சொன்னார். ரொம்ப நாளாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததாம், அண்ணனுக்குக்கூடத் தெரியாதாம். சொல்லிவிட்டு, "ஒனக்கு மட்டும்தான்" என்றார். ரசத்துக்குக் குழி பண்ணிக்கொண்டார்.

இவர் வந்து, மதினி என்ன சொன்னார் என்று கேட்டார். மோனிஷாவும் கேட்டாள். உப்பு கம்மி என்று சொன்னார் என்றேன்.

இங்கேயும் எழுதப்போவதில்லை.